வாய்க்கும் சேர்த்தா சம்பளம்?

கேரி லினேகர் என்றொரு இங்கிலாந்து கால்பந்துக்காரர். 1986 மெக்ஸிகோ உலகக் கோப்பையில் 6 கோல் போட்டு, அதிக கோல் அடித்தவருக்கான தங்க ஷூவை வாங்கியவர். நாட்டுக்காக 80 ஆட்டம், 48 கோல். எனக்குப் பிடித்தது வேறு கணக்கு. பதினாறு வருஷம் தொழில்முறையாக ஆடியும் ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்கவில்லை மனுஷன். அவ்வளவு சமர்த்து!

ஆடி முடித்ததும் டி.வி.க்கு வந்தார். 1999லிருந்து பி.பி.சி.யின் 'மேட்ச் ஆஃப் தி டே' அவர் கையில். நடுவே உருளைக்கிழங்கு சிப்ஸ் விளம்பரம் வேறு. அவர் மகனுக்குக் கைக்குழந்தையிலேயே ரத்தப் புற்றுநோய் வந்து, பிழைத்தது. அதன்பின் புற்றுநோய்க் குழந்தைகளுக்காக நிதி கேட்டு நின்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அகதிகளுக்குத் தன் வீட்டிலேயே தங்க இடமும் கொடுத்தார்.

2023 மார்ச்சில், சின்னப் படகுகளில் ஏறி வரும் அகதிகளைத் தடுக்க பிரிட்டிஷ் அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. அதற்காகப் பேசப்படும் மொழி 1930களின் ஜெர்மனியைப் போல இருக்கிறது என்று ட்விட்டரில் எழுதினார் லினேகர். வந்தது வினை. பி.பி.சி. அவரை ஒதுக்கி வைத்தது.

பி.பி.சி. பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. அவர் சம்பளம் வருஷத்துக்குப் பதிமூன்றரை லட்சம் பவுண்டு. லைசென்ஸ் கட்டணமாக ஜனங்கள் கட்டுகிற காசு. அந்த மசோதா வேண்டும் என்கிறவனும் கட்டுகிறான். 'என் காசில் உட்கார்ந்து என்னையே திட்டுகிறாயா?' என்று அவன் கேட்டால் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்?

ஆனால் ஒன்று இடிக்கிறது. நாலு மாசம் முன்னால்தான், 2022 கத்தார் உலகக் கோப்பை தொடங்கிய அன்று, இதே லினேகர் இதே பி.பி.சி.யில் அங்குள்ள வெளிநாட்டுத் தொழிலாளர்களின் நிலைமையைப் பற்றிப் பேசினார். வீட்டிலிருந்து ட்விட்டரில் அல்ல, ஸ்டூடியோவில் உட்கார்ந்து. அப்போது யாரும் அவரை ஒதுக்கி வைக்கவில்லை. அடுத்த ஊர் அநியாயத்தைப் பேசினால் மனிதாபிமானம், சொந்த ஊர் விஷயத்தைப் பேசினால் அரசியல். என்ன நடுநிலை சார் இது?

இயான் ரைட்டும் ஆலன் ஷியரரும் 'அவர் இல்லாமல் நாங்களும் வரமாட்டோம்' என்றார்கள். அந்த சனிக்கிழமை நிகழ்ச்சி 20 நிமிஷம்தான் ஓடியது. தொகுப்பாளர் இல்லை, வர்ணனை இல்லை. பந்து பாட்டுக்கு உருண்டது. திங்கட்கிழமை பி.பி.சி. இறங்கி வந்தது.

2025 மே மாத விவகாரத்தை இதோடு சேர்க்க நான் தயாரில்லை. சியோனிசத்தை விமர்சிக்கும் ஒரு பதிவை அவர் பகிர்ந்தார். அதில் ஒரு எலிப் படம். யூதர்களை எலியாகக் காட்டியது நாஜிகளின் பழைய பிரசாரம். 'கவனிக்கவில்லை' என்று நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டார். அந்த மாதமே பி.பி.சி.யை விட்டுப் போனார். வந்ததைப் படிக்காமல் தட்டிவிடுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டுதான். ஆனால் 1930களின் ஜெர்மனியைப் பற்றி ஊரையே எச்சரித்தவர், அந்த எலியைப் பார்க்காமல் விட்டிருக்கக் கூடாது.