கொலை யாருடையது?

கோழிக்கறி தின்பது பாவமா என்கிற கேள்வியைச் சைவர்களிடமே விட்டுவிடுவோம். நம் சோற்றுத்தட்டை எட்டிப்பார்த்து நம்மைத் தாழ்ந்தவர் என்றவர்களின் கேள்வி அது. தீண்டாமையின் வேரை மாட்டிறைச்சியோடு சேர்த்து 1948லேயே அம்பேத்கர் எழுதிவிட்டார். எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. கறிக்கோழியைக் கொல்வது யார்?

பல்லடம், உடுமலைப் பக்கம் கொட்டகை கொட்டகையாகப் பிராய்லர் வளர்க்கிறார்கள். தொண்ணூறுகளில் பரவிய ஒப்பந்த முறை. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையது. கொட்டகையும் தண்ணீரும் கரண்டும் தோட்டக்காரருடையது. அவருக்குக் கிலோக் கணக்கில் வளர்ப்புக்கூலி. ஒரு கோழிக்கு ஏறக்குறைய ஒரு சதுர அடி இடம். தின்றுகொண்டே இருக்கட்டும் என்று ராத்திரியிலும் விளக்கெரியும். 40 நாளில் இரண்டு கிலோ. கறி ஏறுகிற வேகத்துக்கு எலும்பும் இதயமும் ஈடுகொடுப்பதில்லை. கால் மடங்கி உட்கார்ந்துவிடுகிறது. சிலது நெஞ்சடைத்துச் சாகிறது.

மூன்றாவதாக ஒரு கை இருக்கிறது. எரு அள்ளுகிற கை, செத்ததைப் பொறுக்கிக் குழியில் போடுகிற கை, ராத்திரியில் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி லாரியேற்றுகிற கை. அதில் அருந்ததியர் கை இருக்கிறது; வடக்கேயிருந்து பிழைக்க வந்தவர் கையும் இருக்கிறது. அமோனியா நெடியில் கண்ணெரியும். ‘எத்தன சோப்புப் போட்டாலும் நாத்தம் போகமாட்டேங்குது தோழர்’ என்றார் ஒருவர்.

கேட்டுப்பாருங்கள். ‘நான் யாவாரம் பண்றேன்’ என்கிறது கம்பெனி. ‘நான் வெவசாயி, வளத்துத்தான் குடுக்கறேன்’ என்கிறார் தோட்டக்காரர். ‘காசு குடுத்து வாங்குனேன்’ என்கிறார் தின்கிறவர். லாபம் மேலே ஏறுகிறது. கொலையோ இறங்கி இறங்கிப் பிடிக்கிற கையிலும் அறுக்கிற கையிலும் போய்த் தங்குகிறது. மலம் கழித்தவனுக்குத் தீட்டில்லை, அள்ளியவனுக்குத் தீட்டு என்ற அதே கணக்கு.

‘நம்ம சனத்தையே இன்னும் மனுசனா மதிக்கல, இதுல கோழிக்கு என்ன ஞாயம்?’ என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கோபம். கோழியும் நம் மக்களும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோழியின் கால் ஒடிகிற அவசரமும் பிடிக்கிறவரின் கை கிழிகிற அவசரமும் ஒரே லாரியின் அவசரம். இடத்தைச் சுருக்குகிற கணக்குதான் கூலியையும் சுருக்குகிறது.

நம் வீட்டில் கோழி அடித்தால் எந்தக் கை அடித்ததென்று வீட்டுக்கே தெரியும். அந்தக் கையை யாரும் ஒதுக்குவதில்லை. நான் கறியை விடப்போவதில்லை. அதற்காக ஜீவகாருண்யத்தைச் சைவர்களுக்குப் பட்டா போட்டுக் கொடுக்கவும் மாட்டேன். கோழிக்கு எவ்வளவு இடம், பிடிக்கிறவருக்கு என்ன கூலி, முகத்துக்கு மூடி உண்டா? மூன்றையும் ஒரே மனுவில் கேட்போம்.