படைவீரனுக்கு எழுதும் கடிதம்



நீலகிரி மலையில், குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் இருக்கிறது. 1758-இல் தொடங்கிய படை அது. தன் தர்மத்தில் நின்று உயிர் விடுவதே மேன்மை என்னும் கீதைக் கருத்தே அதன் குறிக்கோள். நம் பிள்ளைகளும் அந்தக் குளிரில் பயிற்சி பெற்று எல்லைக்குப் போகிறார்கள். பிறகு வீட்டுக் கடிதம் '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்ற முகவரிக்குத்தான் போகும். ஊர்ப்பெயர் உறையில் இராது. எங்கே நிற்கிறான் என்றே தெரியாத பிள்ளைக்குத் தைரியம் சொல்லி என்ன எழுதுவது?

'நீ அபிமன்யு' என்று எழுதுவோர் உண்டு. அபிமன்யுவுக்குச் சக்கர வியூகத்தில் நுழையத் தெரியும், வெளியே வரத் தெரியாது. மகன் நலமாய்த் திரும்ப வேண்டும் என்று பதியில் நின்று வேண்டும் தாய் அந்தப் பெயரை எழுதலாமா? கர்ணன் கொடையில் பெரியவன்தான். ஆனால் செய்ந்நன்றியே அவனை அதர்மத்தின் பக்கம் நிறுத்திவிட்டது.

அர்ச்சுனனை எழுதலாம். உடல் நடுங்கி, வில்லைக் கீழே போட்டுத் தேரில் உட்கார்ந்தவன் அவன். கண்ணபிரான் அவனைக் கைவிடவில்லை. அவன் கேட்டதற்கெல்லாம் பொறுமையாய் விடை சொன்னார். ஆகவே, 'பயம் வந்தால் வெட்கப்படாதே, எங்களுக்கு மறைக்காமல் எழுது' என்று எழுதலாம்.

இராமரை எழுதலாம். ஆயுதம் இழந்து நின்ற இராவணனை அவர் கொல்லவில்லை, திருப்பி அனுப்பினார். தூங்கியவர்களை இரவில் கொன்ற அசுவத்தாமனுக்கோ தீராத பழிதான் மிஞ்சியது. அடிக்கத் தெரிந்தவன் அடிக்கக் கூடாத இடத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

எதிரே நிற்பவனை அசுரன் என்று எழுதலாமா? குறோணியின் துண்டுகளே யுகந்தோறும் அரக்கராய்ப் பிறந்தன, இராவணனும் துரியோதனனும் அவ்வாறு வந்தவர்களே என்று அகிலத்திரட்டு கூறுகிறது. இந்த யுகத்திலோ கலி மாயையாய் மனிதர் மனத்துக்குள் புகுந்திருக்கிறது. அது நம் மனத்திலும் உண்டு. எதிரே நிற்பவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. அவனும் வீட்டுக் கடிதத்துக்குக் காத்திருப்பான். எல்லையைக் காப்பது கடமை. அதற்குப் பகை வேண்டியதில்லை.

திருவிதாங்கூர் அரசன் அய்யாவைச் சிறைப்பிடித்தபோது கொதித்தெழுந்த மக்களை அய்யா பொறுக்கச் சொன்னார். அது கோழைத்தனம் அல்ல. பொறுமையும் வீரமே.

எனவே கடிதத்தில் வீட்டுச் சேதி இருக்கட்டும், தர்மம் இருக்கட்டும், வெறுப்பு மட்டும் வேண்டாம். 'உகப்படிப்பில் உன்னை நினைக்கிறோம், கடமை முடித்து வா' என்று முடியட்டும்.

அய்யா துணை.