மாற்றியதும் மறைத்ததும்

பவானியில் என் நண்பர் ஒருவரிடம் 1969-ஆம் வருஷத்து அம்பாஸிடர் கார் ஒன்று இருக்கிறது. அவருடைய தகப்பனார் புதிதாக வாங்கி, கடைசி வரையில் தம் கையாலேயே ஓட்டிய வண்டி. தகப்பனார் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. தாயாருக்கு எண்பத்திரண்டு வயது. வருஷத்துக்கு ஒருமுறை பண்ணாரியம்மனைப் பார்க்க அவர் போக வேண்டும். போனால் அந்த வண்டியில்தான் போக வேண்டும். வீட்டு வாசலில் குளிர்சாதன வசதியோடு வேறொரு கார் நின்றாலும் அதில் ஏற மாட்டார்.

சென்ற வருஷம் கோபிசெட்டிபாளையம் வருவதற்குள்ளேயே வண்டி கொதித்துவிட்டது. முன்மூடியின் இடுக்கிலிருந்து புகைபோல நீராவி கிளம்பியது. கிழவி ஒரு புளியமரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த வருஷம் அம்மன் தரிசனம் இல்லை.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "ரேடியேட்டர் முடிஞ்சு போச்சுங்கண்ணா" என்றார்.

ரேடியேட்டர் செய்கிற வேலை மிகவும் எளிமையானது. இஞ்சினின் சூட்டை ஏந்திக்கொண்டு வருகிற தண்ணீர், மெல்லிய குழாய்களின் வழியாக இறங்கும்போது, எதிர்க்காற்றுக்கு அந்தச் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடியும் இஞ்சினுக்குப் போகிறது. அந்தக் காலத்து வண்டிகளில் செம்பும் பித்தளையும் கொண்டு செய்து ஈயத்தால் பற்றவைத்திருப்பார்கள். ஐம்பது வருஷமாகப் போர்த் தண்ணீர் குடித்த ரேடியேட்டர் அது. குழாய்களுக்குள் உப்புப் படிந்து பாதி அடைத்துவிட்டது. மீதிப் பாதி ஒழுகியது. ஒழுகிய இடங்களில் எல்லாம் ஈயத் திட்டுக்கள். அவற்றில் பல, நண்பரின் தகப்பனார் பட்டறையில் உட்கார்ந்து தாமே வைத்தவை. திம்பம் மலைப் பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளையும், ஒரு தகரக் கேனில் தண்ணீரை வைத்துக்கொண்டு, அந்த ரேடியேட்டரை நம்பி ஏறியவர் அவர்.

மெக்கானிக் மூன்று வழி சொன்னார். மறுபடியும் ஈயம் வைக்கலாம். இன்னும் ஆறு மாதம் ஓடும். மேல்தொட்டியையும் கீழ்த்தொட்டியையும் வைத்துக்கொண்டு நடுவில் உள்ள கோரை மட்டும் புதிதாகப் போடலாம். ஆனால் தொட்டித் தகடே அரித்துப் போயிருக்கிறது. இல்லாவிட்டால், வெளிக் கம்பெனி ஒன்று செய்கிற அலுமினிய ரேடியேட்டரை வாங்கி மாட்டிவிடலாம். வண்டி செய்த கம்பெனியின் புது ரேடியேட்டரை எதிர்பார்ப்பதற்கில்லை. வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாஸிடர் கார் செய்வதையே 2014-ல் நிறுத்திவிட்டார்கள்.

உண்மையில் இருந்தது ஒரே வழிதான். அதைத் தெரிந்துகொண்டும் நண்பர் மூன்று மாதம் தயங்கினார். ஒருநாள் என்னிடம் வந்து, "இதையும் மாத்திட்டா அப்புறம் அது எங்க அய்யன் வண்டியா இருக்குமாங்க?" என்று கேட்டார்.

கேள்வி சிரிப்புக்கு இடமானது அல்ல. டயரை எத்தனையோ தடவை மாற்றியிருக்கிறார்கள். பாட்டரியை மாற்றினார்கள், பிரேக் லைனிங்கை மாற்றினார்கள், சீட்டுத் துணியை இரண்டு முறை மாற்றினார்கள். அப்போதெல்லாம் இந்தக் கேள்வி எழவில்லை. தேய்வதற்கென்றே உள்ள பாகங்கள் தேய்ந்தால் நமக்கு வருத்தமில்லை. கூடவே இருக்கும் என்று நாம் நினைத்துவிட்ட ஒன்று போகும்போதுதான் தத்துவம் பிறக்கிறது.

பழைய கேள்விதான் இது. மிலிந்தன் என்ற யவன அரசனுக்கும் நாகசேனர் என்ற பௌத்த பிக்ஷுவுக்கும் நடந்த சம்வாதமாகப் பாலி மொழியில் ஒரு நூல் உண்டு. ரதத்தில் ஏறி வந்த அரசனைப் பார்த்து, ரதம் என்பது அச்சா, சக்கரமா, நுகமா என்று பிக்ஷு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகிறார். எதுவும் இல்லை என்கிறான் அரசன். பாகங்கள் சேர்ந்திருக்கும்போது நாம் வைத்துக்கொண்ட பெயர்தான் ரதம் என்ற முடிவுக்கு இருவரும் வருகிறார்கள். அப்படியானால் என் நண்பருடைய வண்டிக்கும் கவலை இல்லை. பெயர் இருக்கிறவரையில் வண்டி இருக்கிறது. ஆனால் இந்த விடை ஒரு துறவிக்கு ஆறுதல் தருமே தவிர, ஒரு மகனுக்குத் தராது.

எனக்கு வேறொன்று தோன்றியது. எங்கள் ஊர்க் கூடுதுறையில் சங்கமேசுவரர் கோயில் இருக்கிறது. கோயில்கள் என்றால் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவது வழக்கம். சுதை உதிர்ந்தால் புதுச் சுதை பூசுகிறார்கள். விரிசல் விட்ட கல்லை எடுத்துவிட்டு வேறு கல் வைக்கிறார்கள். மறுநாள் காலையில் பூசை நடக்கிறது. கோயில் மாறிவிட்டது என்று யாரும் சொல்லுவதில்லை. எதற்காகக் கட்டினார்களோ அந்தக் காரியம் நின்றுபோகாமல் நடக்கிறது. அதுவே அதன் தொடர்ச்சி. பழைய ரேடியேட்டரோடு கொட்டகையில் நிற்கிற வண்டியைவிட, புது ரேடியேட்டரோடு பண்ணாரிக்குப் போகிற வண்டிதான் தகப்பனாரின் வண்டிக்கு நெருக்கமானது என்றேன்.

இன்னொன்றும் சொன்னேன். கொங்கு நாட்டிலே இருந்துகொண்டு வெளிப் பாகத்தைப் பார்த்து முகம் சுளிப்பது நமக்கு அழகல்ல. ஜி. டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கியபோது வண்டிகளெல்லாம் சீமைச் சரக்கு. அதற்குப் பிறகு கோயமுத்தூரில் வார்ப்படச் சாலையும் லேத்துப் பட்டறையும் பெருகின. வெளியூரிலிருந்து வந்த இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்து, தன் கையால் ஒன்று செய்து மாட்டிப் பார்க்கிற தைரியத்தால் வளர்ந்த சீமை இது.

சரக்கிலும் குறை இல்லை. சூட்டைக் கடத்துவதில் செம்பு அலுமினியத்தைவிட உயர்ந்ததுதான். ஆனால் செம்பின் கனம் அலுமினியத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். அலுமினியத்தில் குழாய்களை அகலமாகச் செய்து, லேசாகவும் வைத்துக்கொள்ள முடிகிறது. நன்றாகச் செய்த அலுமினிய ரேடியேட்டர் பழையதைவிடச் சுகமாகவே இஞ்சினைக் காப்பாற்றும்.

நண்பர் சமாதானமானார். அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மெக்கானிக் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். "கறுப்புப் பெயிண்டு அடிச்சு, பழசுல இருக்கற பித்தளைத் தகட்டை எடுத்து முன்னால ஒட்டிரலாமுங்க. கம்பெனி ஐட்டமாட்டவே இருக்கும். ஆருக்கும் தெரியாது." நண்பருக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது.

"விற்கப் போகிறீர்களா?" என்று கேட்டேன்.

"சேச்சே! அம்மாளுக்குத் தெரிய வேண்டாமேன்னுதானுங்க. எப்பவாவது மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாங்க. அய்யன் வெச்ச ஈயம் அதுல இருக்குதுன்னு அவங்களுக்கு ஒரு நெனப்பு."

இங்கேதான் எனக்குத் தடுக்கியது. பாகத்தை மாற்றுவது ஒரு காரியம். மாற்றியதை மறைப்பது வேறொரு காரியம். இரண்டும் ஒரே பட்டறையில், ஒரே கையால், ஒரே நாளில் நடந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

பவானிக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் ஜமக்காளத்தைக் குழித்தறியில் கையால் நெய்வார்கள். 2005-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டிய விரிப்பைப் பவானி ஜமக்காளம் என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். விசைத்தறி விரிப்பில் என்ன பாவம்? அதன்மேலும் உட்காரலாம், படுக்கலாம்; விலையும் குறைவு. அது தன் பெயரைச் சொல்லிக்கொண்டு கடைக்கு வந்தால் யாருக்கும் தகராறு இல்லை. குழியில் காலை விட்டுக்கொண்டு நாளெல்லாம் நெய்தவனுடைய பெயரை எடுத்துப் போர்த்திக்கொண்டு வருகிறதே, அதுதான் திருட்டு.

"அது யாவாரம், இது பாசமுங்க" என்றார் நண்பர்.

வாஸ்தவந்தான். பாசத்தினால் சொல்லும் பொய்க்கு நம் ஊரில் நல்ல மதிப்பு உண்டு. ஆனால் ரேடியேட்டரையே எடுத்துக்கொண்டு பாருங்கள். பழையதில் வெறும் தண்ணீர் ஊற்றிப் பழகிய வீடு அது. அலுமினியத்துக்கு அது ஆகாது. அரிப்பைத் தடுக்கிற கூலன்ட் கலந்துதான் ஊற்ற வேண்டும். செம்புக்கு வைக்கிற ஈயமும் அதில் ஒட்டாது. நாளைக்கு நண்பருடைய மகன், தாத்தா காலத்து ரேடியேட்டர் என்று நம்பிப் போர்த் தண்ணீரை ஊற்றுவான். ஒழுகினால் ஈயப் பட்டறைக்குக் கொண்டு ஓடுவான். உண்மை தெரியாதவன் அன்போடு செய்கிற பராமரிப்பே அந்தப் பொருளை அழித்துவிடும். மனிதர்கள் விஷயத்திலும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவரிடம் உள்ளதை மறைத்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் காட்டுகிற அன்பு வேறு எதன்மேலோ விழுகிறது.

அது மட்டுமல்ல. தாயார் வருத்தப்படுவார் என்பதற்காக மறைப்பதென்றால், அவர் வருத்தப்பட வேண்டுமா வேண்டாமா என்பதை அவருக்காக நாம் தீர்மானித்துவிட்டோம் என்று அர்த்தம். ஐம்பது வருஷம் ஒருவரோடு வாழ்ந்து, அவரை வழியனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு ஸ்திரீக்கு, ஒரு ரேடியேட்டர் போனதைத் தாங்கிக்கொள்ளும் சக்தி இருக்காதா? அதைத் தாங்க முடியாதது அவருக்கா, அவர் முகத்தைப் பார்க்க வேண்டிய மகனுக்கா?

இதை நான் இவ்வளவு கோவையாகச் சொல்லவில்லை. சொன்ன வரைக்கும் நண்பருக்குப் பிடிக்கவுமில்லை. எழுந்து போய்விட்டார்.

பிறகு அவர் தகப்பனாரின் வண்டி நோட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். பெட்ரோல், பிளக், பஞ்சர் என்று தேதிவாரியாக எழுதிவந்த நோட்டு. ஓரிடத்தில், தண்ணீர் பார்க்காமல் ஓட்டியதில் கேஸ்கட் போயிற்று, பிசகு என்னுடையது என்று எழுதியிருந்ததாம். யாரும் பார்க்கப் போகாத நோட்டில் தம் பிசகையும் எழுதி வைத்த மனிதர். நண்பர் அதே பக்கங்களின் தொடர்ச்சியில் புது ரேடியேட்டர் போட்ட தேதியை எழுதினார். பித்தளைத் தகட்டை ஒட்டவில்லை. கறுப்புப் பெயிண்டு மட்டும் அடித்தார். கண்ணுக்கு உறுத்தாமல் இருக்கட்டும் என்று. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இந்த வருஷம் பண்ணாரிக்கு நானும் கூடப் போனேன். வண்டி புறப்படும்போது பின் சீட்டிலிருந்து தாயார் கேட்டார்: "கண்ணு, தண்ணிக் கேனு எடுத்து வெச்சயா?"

நண்பர் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "இப்ப வெறுந் தண்ணி ஊத்தக் கூடாதும்மா. ரேடியேட்டரை மாத்தியாச்சு" என்றார்.

கவுந்தப்பாடி வருகிறவரையில் அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்கு வருத்தம் இருந்தது. எங்கள் இருவருக்கும் அது தெரிந்தது. அந்த வருத்தம் அவருக்குச் சொந்தமானது. அதை அவரிடமிருந்து ஒளித்துவைக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது.

கவுந்தப்பாடி தாண்டிய பிறகு கேட்டார்: "பழசை என்ன பண்ணினே?"

"வீட்லதாம்மா இருக்குது."

"எடைக்குக் கிடைக்குப் போட்றாதே" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்க ஆரம்பித்தார். வண்டி கோபியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.