எதுகை திறந்த கதவு

மேடையில் கவிதை சொல்பவருக்கு ஒரு வசதி உண்டு. அச்சில் ஒரு வரி உறுத்தினால் வாசகர் நிறுத்தி மறுபடி படிப்பார். மேடையில் அதற்குள் அடுத்த அடி வந்துவிடும். தாளத்துக்குத் தலை ஆடத் தொடங்கிய பிறகு யாரும் சந்தேகம் கேட்பதில்லை. அந்த வசதியை நான் ஒருமுறை தப்பாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

2015 டிசம்பர் 1 இரவு. முடிச்சூரில் எங்கள் தெருவுக்குள் வெள்ளம் புகுந்தபோது நாங்கள் மாடிக்கு ஏறிவிட்டோம். தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்த அக்கா இரண்டு பிள்ளைகளோடு வந்து கேட்டைத் தட்டினார். வீட்டில் யாரோ "விடியட்டும், பாத்துக்கலாம்" என்றார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் எதிரே பாதி கட்டிய கட்டடத்தின் மாடியில் ராத்திரியைக் கழித்தார்கள். விடிந்ததும் கதவைத் திறந்தோம், சோறு போட்டோம், நாலு நாள் தங்கவைத்தோம். அதுவும் உண்மைதான்.

சில வருடம் கழித்து, மேற்குத் தாம்பரத்தில் ஒரு மொட்டைமாடிக் கவிதைக் கூட்டம். நண்பன் பெட்டியைத் தட்ட, நான் அந்த வெள்ளத்தைச் சொன்னேன். "பேதம் மறந்தோம், கதவைத் திறந்தோம்" என்று வந்த இடத்தில் விசில் பறந்தது. நான் யோசித்துப் பொய் சொல்லவில்லை. 'மறந்தோம்' வந்ததும் 'திறந்தோம்' தானாக வந்து நின்றது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு ராத்திரி காணாமல் போனது.

வீடியோவை அக்கா யாருடைய போனிலோ பார்த்திருக்கிறார். சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்: "பாட்டு நல்லாருக்கு தம்பி. ஆனா காலைலதான தொறந்தீங்க?" குரலில் கோபமே இல்லை.

கதைன்னா கொஞ்சம் மாத்தத்தானே செய்வாங்க என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துணைக்குப் பெரிய ஆளையே கூப்பிட்டேன், கோபாலகிருஷ்ண பாரதியை.

பெரியபுராணத்தில் நந்தன் தில்லைக்குப் போகாமல் "நாளைப் போவேன்" என்று தள்ளிப்போடுவதற்குக் காரணம், தன் பிறப்பை நினைத்து அவரே தயங்குவது. சேக்கிழாரின் கதையில் பண்ணையார் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனைகளாகவும் நொண்டிச்சிந்தாகவும் பாடிய பாரதி, ஒரு வேதியரைப் புதிதாகக் கொண்டுவந்தார். நிலம் அவருடையது, நந்தன் அவருடைய பண்ணையாள். அவர் விடை கொடுத்தால்தான் நந்தன் போக முடியும்.

இலக்கணப் பிழைகள் இருப்பதால் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார் என்றும், பாரதி பாடக் கேட்டு உருகிய பிறகு கொடுத்தார் என்றும் உ.வே.சா. எழுதியிருக்கிறார். இசையின் வெற்றியைச் சொல்லும் கதையாகத்தான் இதை நினைத்திருந்தேன். இப்போது கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. பிள்ளையின் இலக்கணத்தையே தாளம் கரைத்துவிட்டதென்றால், மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்த முப்பது பேர் எம்மாத்திரம்?

ஆக, பாரதியும் கதையை மாற்றினார், நானும் மாற்றினேன். ஆனால் அவர் மாற்றியதில் 'நாளை'க்கு ஒரு பொறுப்பாளி கிடைத்தார். தஞ்சை மண்ணில் அந்தக் கதாகாலட்சேபத்தைக் கேட்க உட்கார்ந்த நிலக்காரர், தன் சாயலில் ஒருவரைக் கதைக்குள் பார்த்தார். நான் மாற்றியதில் பொறுப்பாளி காணாமல் போனார். எங்கள் வீட்டு 'விடியட்டும்' அழிந்தது.

பாரதியையும் முழுக்க விட்டுவிட முடியாது. கடைசியில் அந்த வேதியர் மனம் மாறி நந்தனை வணங்குகிறார். கேட்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக அதுவும் ஒரு வழிதான். நந்தனுக்கோ அங்கேயும் நெருப்புதான்.

அதனால் கதையை மாற்றலாமா கூடாதா என்பதல்ல இப்போது என் கேள்வி. எதுகை ஒரு சொல்லை நீட்டும்போது, அது யாருடைய பாரத்தை இறக்கிவைக்கிறது? நடந்ததில் பாதிக்கப்பட்டவரின் பாரம் என்றால் வாங்கிக்கொள்ளலாம். சொல்பவனின் பாரம் என்றால், அந்தச் சொல் எவ்வளவு அழகாக வந்து உட்கார்ந்தாலும் சந்தேகப்பட வேண்டும். அழகாக உட்கார்ந்தால் இன்னும் கூடுதலாகவே.

அந்த வரியை மாற்றிவிட்டேன். "விடிந்த பிறகு திறந்தோம்" என்று இருக்கிறது. ஒத்திகையில் நண்பன் தட்டுவதை நிறுத்திவிட்டான்.

"மச்சி, அந்த இடம் இடிக்குதுடா."

"இடிக்கட்டும்" என்றேன்.