கதவு போடாத வாசல்கள்



நெகேமியா 6-ம் அதிகாரத்தின் முதல் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமின் அலங்கம் எழும்பிவிட்டது. வாசல்களுக்கு மட்டும் கதவு மாட்டவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் சன்பல்லாத்து ஆள் அனுப்புகிறான்!

பதினேழு வயதுப் பிள்ளையின் மூளையும் இப்படித்தான். வளர்த்தியில் அப்பாவை மிஞ்சிவிட்டான். ஆனால் நெற்றிக்குப் பின்னால் இருந்துகொண்டு "வேண்டாம், நில்" என்று தடுக்கிற பகுதி, ஏறக்குறைய 25 வயது வரைக்கும் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

போன வருஷம் மயிலாப்பூரிலிருந்து ஒரு தாயார் மகனை அழைத்துவந்தார்கள். கல்லூரியில் முதல் வருஷம். பையில் கஞ்சாப் பொட்டலம். அவன் என்னையே கேட்டான்: "பாஸ்டர், இது வெறும் இலைதானே? ஆண்டவர்தானே படைச்சாரு?" ஆதியாகமம் 1:29-ஐயும் காட்டினான். ஓய்வுநாள் பள்ளியில் பரிசு வாங்கின பிள்ளை! "எட்டிக்கொட்டையையும் அவர்தான் படைச்சாரு, தின்பியா?" என்று மடக்கினேன். அவன் வாய் அடைத்தது, மனசு மாறவில்லை.

அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் எருசலேமிலேயே இருக்கிறது. 1992-ல் அங்குள்ள எபிரேயப் பல்கலைக்கழகத்தில் ரபேல் மெக்கூலம் குழுவினர், மூளை தானே சுரக்கிற ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். ஆனந்தம் என்ற சமஸ்கிருதச் சொல்லை வைத்து 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டார்கள். அது பொருந்துகிற பூட்டுகள் மூளை எங்கும் உண்டு. வளரும் பருவத்தில் நரம்புகள் ஒழுங்காக இணைவதிலும் இந்தப் பூட்டுகளுக்குப் பங்கு உண்டு. கஞ்சாவிலுள்ள டி.எச்.சி. ஒரு கள்ளச்சாவி. அதே பூட்டுக்குள் நுழைந்து, தேவன் வைத்த அளவைக் கலைத்துப்போடுகிறது.

ஐரோப்பாவில் 799 பிள்ளைகளை 14 வயதிலும், சுமார் ஐந்து வருஷம் கழித்தும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. முதல் ஸ்கேனின்போது ஒருவரும் கஞ்சாவைத் தொட்டதில்லை. மூளையின் மேற்புறணி அந்தப் பருவத்தில் எல்லாருக்கும் சற்று மெலியும், அது இயல்பு. ஆனால் கஞ்சா பிடித்தவர்களுக்கு நெற்றிப் பகுதியில் அது வேகமாக மெலிந்திருந்தது. அதிகம் பிடித்தவர்களுக்கு அதிகம். கஞ்சா ஒன்றே காரணம் என்று இந்த ஒரு ஆய்வு நிரூபித்துவிடாது. உங்களைப் பயமுறுத்தப் பொய் சொல்ல எனக்கு மனதில்லை. ஆனாலும் தகப்பன்மாரே, உங்கள் வீட்டு மதில் அரிக்கப்படுகிறது என்று கேள்விப்பட்டால், முழு நிரூபணம் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பீர்களா?

இப்போது என் தப்பைச் சொல்லுகிறேன். அந்தத் தாயாரிடம், "21 நாள் உபவாசம் இருங்கம்மா, பிசாசு ஓடிப்போவான்" என்றேன். இருந்தார்கள். பையன் ராத்திரியெல்லாம் தூங்காமல், பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். அப்போதும் ஜெபத்தைக் கூட்டச் சொன்னேனே தவிர, டாக்டரிடம் போகச் சொல்லவில்லை. நாலு மாதம் வீணாயிற்று. சபையில் யாருக்கும் தெரியக்கூடாதென்று அந்த அம்மா கடைசி வரிசையில் முந்தானையை வாயில் வைத்து அழுதது என் கண்ணிலேயே நிற்கிறது. பவுலோடு கூடவே இருந்த லூக்கா யார்? வைத்தியர் அல்லவா! நெகேமியாவின் ஆட்கள் ஒரு கையில் வேலையும் மறு கையில் ஆயுதமுமாக நின்றார்கள். நான் ஒரு கையைக் கட்டிவைத்துவிட்டேன்.

அவன் இப்போது மருந்து எடுக்கிறான். கஞ்சாவை விட்டு ஏழு மாதம், ஸ்தோத்திரம். படிப்பில் மனம் இன்னும் பழையபடி நிற்கவில்லை. அவனுக்காக ஜெபியுங்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் மறைக்காதிருங்கள். அடையாறு இந்திரா நகரில், சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போதைக்கென்றே இருக்கிறது. 14446 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். தனியாகப் போகக் கூச்சமாயிருந்தால் ஆராதனை முடிந்ததும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.