வழியும் நெறியும்

‘வழி’, ‘ஆறு’, ‘நெறி’ ஆகிய தமிழ்ச் சொற்கள் கால் நடக்கும் பாதையையும் குறிக்கும்; வாழ்வு நடக்கும் ஒழுக்கத்தையும் குறிக்கும். அவ்வாறாயின், பாதையைப் பேணுவதும் ஓர் அறமாகுமா? இவ்வினாவிற்கு இங்கிலாந்து நாட்டின் நாட்டுப்புறப் பாதைகள் நல்லதொரு விடை தருகின்றன.

அங்கே தனியார் வயல்களின் ஊடே ஒற்றையடிப் பாதைகள் பல செல்கின்றன. நிலம் ஒருவருடையது, அதன்மீது நடக்கும் உரிமையோ எல்லாருடையது. மக்கள் 20 ஆண்டுகள் உரிமையோடு தடையின்றி நடந்த தடத்தை, உடைமையாளர் தக்க மறுப்புக் காட்டாவிடில், பொதுவழியாகச் சட்டம் ஏற்கிறது. காலடியே ஈண்டு உரிமைப் பத்திரம்!

ஆயினும், நடக்கும் உரிமை எங்கும் எளிதாகக் கிட்டவில்லை. வேட்டைப் பறவைகளுக்காக அடைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் 1932 ஏப்ரல் 24ஆம் நாள் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் தடையை மீறி நடந்தனர். அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். பின்னர், 1949ஆம் ஆண்டுச் சட்டம் பொதுப்பாதைகளை வரைபடத்தில் பதிவு செய்ய வழிவகுத்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலைநிலங்களிலும் மேட்டுநிலங்களிலும் உலவும் உரிமையை அளித்தது.

சட்டம் வந்துவிட்டது, முள் வளர்வது நின்றதா? இல்லை. ஆண்டுதோறும் புதர் மூடுகிறது. மழை பாலத்தை அரிக்கிறது. வழிகாட்டிப் பலகை சாய்கிறது. அதனால், அவ்வூர் நடையர்கள் ஓய்வு நாள்களில் அரிவாளும் மண்வெட்டியும் ஏந்திச் செல்கின்றனர். 1894இல் மான்செஸ்டரில் தோன்றிய பாதைப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் பாதைகளைப் பார்வையிட்டுப் பலகைகள் நட்டு வருகிறது.

“பாதையைப் பேணுவது உள்ளாட்சி மன்றத்தின் சட்டக் கடமையன்றோ? நாம் உழைத்தால் அவர்கள் கடமை மறவாரோ?” என்று சிலர் வினவலாம். நேரிய வினாவே. ஆயின், கேட்க வேண்டியதைக் கேட்பதும், செய்யக் கூடியதைச் செய்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பிறர் கடமை தவறினார் என்பதால் நம் கடமை நீங்கிவிடாது.

இவர்தம் பணியுள் ஒன்று தனிச்சிறப்புடையது. வேலியைத் தாண்ட அமைந்திருந்த மரப்படிகளை, உழவரின் இசைவோடு அகற்றிவிட்டுச் சிறு கதவுகளை அமைக்கின்றனர். படி ஏறும் வலிமையுடையவர்க்குக் கதவு தேவையில்லை. முழங்கால் தளர்ந்த முதியவர்க்கும், குழந்தையைச் சுமந்து வரும் தாய்க்கும் அது தேவை. தமக்கு வேண்டாத கதவைப் பிறர்க்காக அமைக்கும் கையில்தான் உரிமை அறமாக மலர்கிறது.

தமக்காகக் கேட்பது உரிமை. தளர்ந்தார்க்காகத் திறந்து வைப்பது அறம். முன்னோர் நடந்ததால் நமக்கு வழி கிடைத்தது. பின்வருவோர்க்கு அவ்வழியைச் செம்மையாக்கி விட்டுச் செல்வதே நெறியாகும்.