சேற்றுக்குள் காத்திருக்கும் உயிர்



சோளகம் வீசி ஓயும் காலத்தில் நம்முடைய குளங்கள் எப்படிக் கிடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிறத்தியான் பார்த்தால் செத்த குளம் என்பான். நீங்கள் அப்படிச் சொல்லமாட்டீர்கள். வெடித்த தரைக்குக் கீழே, ஈரச் சேற்றுக்குள் விரால் மாரிக்குக் காத்திருக்கிறது. தாமரை விதையும் அங்கேதான் கிடக்கிறது. மழை பிடித்து அருவியாறு பெருகி, தேக்கம் அணைக்கட்டு வழியாகக் கட்டுக்கரைக்குளம் நிறைந்து, சிறுகுளங்களுக்கும் தண்ணீர் வந்துவிட்டால் எல்லாம் எழும்பிவிடும்.

வறட்சியையும் வெள்ளத்தையும் குளம் தனியே தாங்குவதில்லை. மருதமர வேர் மண்ணை இறுக்கிப் பிடிக்கிறது. மேற்பக்கத்துக் காடு வண்டலை மறிக்கிறது, காற்றைத் தணிக்கிறது. மேற்குளம் வான் பாய்ந்தால் கீழ்க்குளம் ஏந்திக்கொள்கிறது. குளக்கட்டுக்கும் வயலுக்கும் நடுவே நிற்கும் பற்றையும் கோரையும் கசிவுநீரின் உவரை வாங்கிக்கொள்கின்றன. ஒன்று தளர்ந்தால் மற்றது தாங்கும். நாமோ ‘பற்றைதானே’ என்று வெட்டி நாலு பாத்தி வயலைக் கூட்டுகிறோம். பிறகு வயல் உவராகிப் போச்சு என்று ஆண்டவரிடம் முறையிடுகிறோம்!

பிரியமானவர்களே, நம்முடைய பங்கில் பற்றை என்று நாம் ஒதுக்கியது யாரை? கூலிக்கு வந்து குடியேறிய குடும்பத்தையா? கோவிலுக்கு வருவதை விட்டுவிட்ட பிள்ளையையா? பின்வாங்கில் இருக்கும் கைம்பெண்ணையா? போரில் இந்த ஊர் சோதனைச்சாவடியாகக் கிடந்த காலத்தையும் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தையும் நினைத்துப் பாருங்கள். மரத்தடியிலும் செபமாலையை விடாமல் சொன்னவர்கள் பெரும்பாலும் யாரும் கணக்கெடுக்காத கிழவிகள்தான்.

கலங்க வேண்டாம். வெள்ளம் வடிந்தபின் ஆண்டவர் நோவாவோடு மட்டும் உடன்படிக்கை செய்யவில்லை. பேழையை விட்டிறங்கிய எல்லா உயிர்களோடும் செய்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தந்த ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடலும் ஒவ்வோர் உயிருக்கும் தனக்கென்று மதிப்புண்டு என்றே சொல்கிறது. நாம் ஒதுக்கியவரையும் ஒதுக்கிய நம்மையும் ஆண்டவருடைய இரக்கம் விட்டுவிடவில்லை.

மாரிக்கு முன் சிரமதானத்துக்குக் கூடும்போது துருசையும் வாய்க்காலையும் துப்புரவாக்குங்கள்; கட்டின் கீழுள்ள பற்றையில் கத்தி வைக்காதீர்கள். போகிற வழியில், பூசைக்கு வராத அந்தப் பிள்ளையின் வீட்டுப் படலையையும் ஒருக்கால் தட்டிக் கூட்டிக்கொண்டு போங்கள்.